பழைய கணினியும் புதிய கிராபிக்ஸ் அட்டையும்

ஒரு கருவி பழையதாயிற்று என்பதனாலேயே அது பயனற்றதாகிவிடுவதில்லை. பல்லாண்டுகளுக்கு முன் தேயிலைத் தொழிற்சாலைகளில் நிறுவப்பட்ட உருட்டுப் பொறிகள், தேய்ந்த பாகங்கள் மாற்றப்பட்டு, இன்றுங் கொழுந்தை உருட்டிக் கொண்டிருத்தலை மலைநாட்டார் நன்கறிவர். எப்பாகத்தை மாற்றினாற் பொறி மீண்டும் வலிவு பெறும் என்பதை ஆராய்ந்தறிபவனே நல்ல பொறிவல்லான். கண்ணிற்பட்ட பாகத்தையெல்லாம் மாற்றுபவன் பொருளையும் இழந்து பொறியையும் இழப்பான். இல்லத்துக் கணினிக்கும் இவ்வுண்மை முற்றும் பொருந்துவதாகும்.

நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா ஆகிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களிற் காணப்படும் கணினிகளுட் பல, அலுவலகங்களிற் சில ஆண்டுகள் உழைத்துக் கழிக்கப்பட்டபின் இரண்டாங் கையாக வந்தவை. 2013 ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பில் தொழினுட்பத் துறை தொடங்கப்பட்டது. பொறியியல் வரைபடம், உருவமைப்பு, நிகழ்படத் தொகுப்பு ஆகியவற்றைக் கற்கவும், கற்றதைக்கொண்டு வீட்டிலிருந்தே பொருளீட்டவும் விழையும் இளைஞர் மலையகத்திலும் உளர். கொழும்புக்குச் சென்று கடைகளில் வேலைக்கமர்வதன்றி வேறு வழியில்லை என்றிருந்த குடும்பங்களுக்கு இஃதொரு புதிய வாயில். ஆயின், அவ்விளைஞனது கணினி மெதுவாக இயங்குமிடத்து, “கிராபிக்ஸ் கார்ட் ஒன்று போட்டாற் சரியாகிவிடும்” என்னும் அறிவுரையே பெரும்பாலும் முதலிற் கிடைக்கின்றது. அவ்வறிவுரை எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கிராபிக்ஸ் அட்டை என்பது யாது? திரையில் தோன்றும் ஒவ்வோர் உருவும் இலட்சக்கணக்கான புள்ளிகளால் ஆயது. அப்புள்ளிகளின் நிறத்தையும் ஒளியையும் ஒவ்வொரு நொடியும் பன்முறை கணித்தல் வேண்டும். கணினியின் மத்திய செயலி, கடினமான கணக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து முடிக்கும் ஆற்றலுடையது. கிராபிக்ஸ் அட்டையிலுள்ள செயலியோ, எளிய கணக்குகள் பலவற்றை ஒரே நேரத்திற் செய்யவல்ல நூற்றுக்கணக்கான சிறு கூறுகளைக் கொண்டது. ஒரு மலைச்சரிவு முழுவதையும் ஒரே காலையில் ஒரு கொழுந்துக் கூட்டம் எடுத்து முடித்தலை இதற்கு உவமையாகக் கூறலாம். தனி அட்டை இல்லாத கணினிகளில், மத்திய செயலியுடன் ஒருங்கிணைந்த சிறு வரைவுப் பகுதியே இத்தொழிலைச் செய்யும். அதற்கெனத் தனி நினைவகம் இன்மையின், பொது நினைவகத்தின் ஒரு பகுதியை அது எடுத்துக்கொள்ளும்.

இதனால் ஒன்று தெளிவாகும். முப்பரிமாண உருவமைப்பு, நிகழ்படத் தொகுப்பு, கணினி விளையாட்டு ஆகியவற்றுக்கே கிராபிக்ஸ் அட்டை பெரும்பயன் தரும். கணினி திறந்துகொள்ளப் பல நிமிடங்கள் எடுத்தலும், ஓர் ஏட்டைத் திறக்கையில் தயங்கி நிற்றலும் அவ்வட்டையின்மையால் விளைவன அல்ல. அவை பழைய சுழல்வட்டின் குறையும் நினைவகப் பற்றாக்குறையுமாம். சுழல்வட்டை நீக்கித் திண்மநிலை வட்டைப் பொருத்துதலும், 4 கிகாபைட் நினைவகத்தை 8 ஆக உயர்த்துதலும் அந்நோய்க்கு மருந்து. நினைவகத்தை ஒரே துண்டாக வையாது, ஒத்த அளவினவாகிய இரு துண்டுகளாக உரிய துளைகளிற் பொருத்தின், ஒருங்கிணைந்த வரைவுப் பகுதியும் முன்னினும் விரைந்து இயங்கும். விண்டோஸ் இயங்குதளத்தின் பணி மேலாளரைத் திறந்து, வேலை தடைப்படும் வேளையில் வட்டு, நினைவகம், மத்திய செயலி, வரைவுச் செயலி ஆகியவற்றுள் எது நூறு வீதத்தை எட்டுகின்றது என நோக்கின், நோயின் இருப்பிடம் வெளிப்படும். இச்சோதனைக்குச் செலவேதும் இல்லை.

வரைவுச் செயலியே குறையெனத் துணிந்தபின் செய்யத்தக்கது யாது? திருவள்ளுவர் ‘வலியறிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அரசர்க்கு உரைத்த அவ்வறிவு கணினி வைத்திருப்போர்க்கும் ஏற்புடையதே. அட்டையின் வலியை மட்டும் நோக்காது, அதனைத் தாங்க வேண்டிய பொறியின் வலியையும் அளத்தல் வேண்டும்.

முதலாவதாக, மின்வழங்கியை நோக்குக. தாய்ப்பலகையிலுள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை ஓர் அட்டைக்கு வழங்கக்கூடிய மின்வலு 75 வாட் ஆகும். அதனின் மிகுதி வேண்டும் அட்டைகளுக்கு மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பி செல்லல் வேண்டும். ஆறு முனைக் கம்பி மேலும் 75 வாட்டையும், எட்டு முனைக் கம்பி 150 வாட்டையும் தரும். அலுவலகங்களுக்கெனச் செய்யப்பட்ட சிறு கணினிகளுட் பலவற்றின் மின்வழங்கி 250 வாட் அளவினதே. அவற்றில் அத்தகைய கம்பி இருப்பதில்லை. பெட்டியின் மேற்புறத்தில் எழுதப்பட்ட பெரிய எண்ணை நம்புதலும் தவறு. 12 வோல்ட் வரிசையில் எத்தனை அம்பியர் எனக் குறிக்கப்பட்டுள்ளது என்பதே நோக்கற்பாலது. அங்கே 18 அம்பியர் எனின், உண்மையில் கிடைப்பது 216 வாட் மட்டுமே.

இரண்டாவது, இடம். ஒடுங்கிய பெட்டிகளுக்குக் குறுகிய தாங்கியுடைய அட்டைகளே பொருந்தும். அளவுகோல்கொண்டு உட்புறத்தை அளவாது வாங்கியவர், கடைக்கு மீண்டும் ஏறியிறங்க நேரும்.

மூன்றாவது, இணைப்பு. பிசிஐ எக்ஸ்பிரஸ் துளைகளின் மூன்றாந் தலைமுறை 2010 ஆம் ஆண்டிலும் நான்காந் தலைமுறை 2017 ஆம் ஆண்டிலும் வரையறுக்கப்பட்டன. புதிய அட்டை பழைய துளையிலும் பொதுவாக இயங்கும். ஆயினும் அத்துளையின் வேகமே அதற்கு வாய்க்கும். மிகப் பழைய தாய்ப்பலகைகள் சில, புதிய அட்டைகளை அடையாளங் காணாமலும் விடும். திரையின் முனையையும் மறத்தலாகாது. பழைய திரைகளில் உள்ள விஜிஏ முனை இன்றைய அட்டைகளில் இல்லை. இடையே ஒரு மாற்றி வேண்டும்.

நான்காவது, மத்திய செயலியின் வலிமை. மெலிந்த செயலியோடு மிக வலிய அட்டையைப் பிணைத்தல், தொழிற்சாலையில் உருட்டும் பொறியைப் பெரிதாக்கி, வாட்டும் தட்டுகளை விரிவாக்காது விடுதலை ஒக்கும். வாடிய கொழுந்து வந்து சேருமட்டும் பெரிய பொறி வெறிதே காத்திருக்கும்.

இவற்றோடு மலையகத்துக்கே உரிய இரு காரணங்களும் உள. அவற்றுள் ஒன்று மின்சாரத்தின் நிலை. மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே ஆய்வுரையாக எடுத்துரைத்தார். இலக்சபானா நீர்மின் நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கிற்று. அம்மலைகளின் நீர் தலைநகருக்கு ஒளி தந்தபோதும், அவற்றின் மடியிலிருந்த லயங்கள் பலவற்றுக்கு மின்னிணைப்புக் கிடைத்தது நெடுங்காலங் கழித்தே. மின்மாற்றிக்கு நெடுந்தொலைவிலுள்ள வீடுகளில், மாலை வேளையில் யாவரும் மின்சாரத்தைப் பயன்படுத்துங்கால், 230 வோல்ட் அழுத்தம் தாழ்தல் இயல்பு. பருவக் காற்றுகளுக்கு இடைப்பட்ட சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமின்னல் மிகும். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில், மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டமையும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆதலின், அட்டைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை மின்னழுத்தச் சீராக்கியோடு கூடிய யுபிஎஸ் கருவிக்கு ஒதுக்குதல் அறிவுடைமை. 650 வோல்ட் அம்பியர் எனக் குறித்த கருவி, வாட்டில் ஏறத்தாழ அறுபது வீதமே தாங்கும் என்பதையும் அறிதல் வேண்டும். அட்டை பெரிதாயின் யுபிஎஸ்ஸும் பெரிதாதல் வேண்டும். செலவு ஒன்றோடு நில்லாது.

மற்றையது காலநிலை. நுவரெலியா நகர் கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி கடற்கரையிலிருப்பதினும் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவாதலின், விசிறி கொண்டுசெல்லும் வெப்பமுங் குறையும். எனினும் மலைக்குளிர் அக்குறையை ஈடுசெய்துவிடும். அஞ்சத்தக்கது ஈரமே. மூடுபனி தங்கும் அறையில் இணைப்பு முனைகள் களிம்பேறும். விறகடுப்பின் புகையும் தூசியும் ஈரத்தோடு கூடி விசிறியில் அப்பிக்கொள்ளும். கணினியைச் சுவரோடும் சன்னலோடும் ஒட்டாது வைத்தலும், மாதம் ஒருமுறை உலர்ந்த தூரிகையால் துடைத்தலும் போதிய காப்பாகும்.

இவ்வளவைகளையெல்லாம் நோக்குமிடத்து, துளையிலிருந்து கிடைக்கும் 75 வாட்டுக்குள் அடங்கும் அட்டைகளே இத்தகைய இல்லங்களுக்கு ஏற்றன என்பது போதரும். 2016 இல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019 இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 ஆகியன இவ்வகையின. எனினும் இவற்றின் பதிப்புகள் சில தனிக் கம்பி வேண்டுவன. 2024 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 இன் 6 கிகாபைட் பதிப்பு 70 வாட்டில் இயங்கும். 2017 இல் வந்த ஜிடி 1030 க்கு 30 வாட்டே போதும். ஆயின் அப்பெயரில் இரு வேறு சரக்குகள் உள. பின்னர் வந்த டிடிஆர்4 நினைவகப் பதிப்பின் தரவு வேகம், முன்னைய ஜிடிடிஆர்5 பதிப்பின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 6400 அட்டை 53 வாட் மட்டும் கொள்வது. ஆனால் நான்கு பாதைகளாலேயே தாய்ப்பலகையோடு பேசுவதால், மூன்றாந் தலைமுறைத் துளையில் அதன் ஆற்றல் குன்றும். நிகழ்படத்தைச் சுருக்கிப் பதியும் உறுப்பு அதில் இல்லை. ஜிடி 1030 இலும் இல்லை. நிகழ்படத் தொகுப்பைத் தொழிலாகக் கொள்ள விரும்புபவர் இவ்விரண்டையும் தவிர்த்தல் நன்று. இன்டெல் நிறுவனத்தின் ஏ380 அட்டை புதிய தாய்ப்பலகைகளுக்கே உரியது.

ஆதரவுக் காலமும் ஒரு பொருட்டாகும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடி 1030 ஆகியவை சார்ந்த தலைமுறைக்கு என்விடியா வழங்கிவந்த வழக்கமான இயக்கி மென்பொருள் 2025 ஒக்டோபரோடு நின்றது. பாதுகாப்புத் திருத்தங்களே 2028 ஒக்டோபர் வரை உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்தின் பொது ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 இல் முடிவுற்றது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11 ஐ ஏற்கா.

இரண்டாங் கை அட்டை வாங்குவோர் மேலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஈதீரியம் என்னும் மின்னாணயத்தை அட்டைகளாற் கணித்தெடுக்கும் முறை 2022 செப்டெம்பரில் ஒழிந்தபின், இரவுபகலாக உழைத்த அட்டைகள் உலகெங்குஞ் சந்தைக்கு வந்தன. எனவே, கடையிலேயே கணினியிற் பொருத்தி, கனமான வேலை ஒன்றைக் கால்மணி நேரமாயினும் இயக்கி, திரையிற் கோடுகள் தோன்றுகின்றனவா, விசிறி ஒழுங்காகச் சுழல்கின்றதா எனக் கண்டபின்னரே பணங் கொடுத்தல் வேண்டும்.

இறுதியாக அளக்க வேண்டியது பொருள்வலி. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. பின்னைய வீதப்படி, 27,000 ரூபா விலையுள்ள ஒரு பொருள், ஒரு தாய் இருபது நாள் மலையேறிக் கொழுந்து கொய்த உழைப்புக்குச் சமம். அவ்வுழைப்பு, விளையாட்டின் பொலிவுக்காக மட்டுஞ் செலவாவது தகுமா என்பதை வாங்குபவனே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வட்டை ஒரு தொழிலைக் கற்பிக்கும் கருவியாயின், அச்செலவு விதைநெல்லாகும்.

ஆகவே முறை இதுவாகும்: முதலில் நோயை அறிதல்; வட்டும் நினைவகமும் குறையாயின் அவற்றை நிறைவித்தல்; மின்னையும் பொறியையும் அளத்தல்; அதன்பின்னரே அட்டையைத் தேர்தல். இவ்வொழுங்கில் நடப்பவருட் பலர், அட்டையே வேண்டாமெனக் கண்டு பணத்தை மீதப்படுத்துவர். வேண்டுமெனக் கண்டவர், தம் பொறிக்கு ஏற்ற சிறிய அட்டையைப் பெற்று நீண்டநாட் பயன்பெறுவர். பெரியதை வாங்குதல் பணமுடையார் எவர்க்கும் எளிது. ஏற்றதை வாங்குதல் ஆராய்ந்தறிவார்க்கே இயலும்.