கையில் கருவி இருந்தால் போதுமா?
காருக்கு ஒரு படம். மலைக்கு ஒரு படம்!

ராத்திரி மணி 9-30.

சத்தியமங்கலத்தைத் தாண்டி, பண்ணாரி சோதனைச் சாவடி. கோவையில் இருந்து மைசூருக்குப் போகும் கார் ஒன்று வந்து நிற்கிறது. பின் சீட்டில் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

"இனிமே காலையில 6 மணிக்குத்தானுங்க விடுவோம்" என்கிறார் காவலர்.

"ஏனுங்க, இந்தக் கருவி இந்த வழியாத்தானே போகச் சொல்லுதுங்க?"

"கருவி சொல்லுமுங்க. கேட் திறக்காதுங்க!"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், கேட் மூடுவது நிஜம். திம்பம் மலைப் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சுற்றிலும் புலிகள் காப்பகம். ராத்திரியில் யானையும் மானும் ரோட்டைக் கடக்கின்றன. வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. அதனால், சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி, 2022-ம் ஆண்டு பிப்ரவரி முதல் அங்கே ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. கார்களுக்கு 9 மணியோடு சரி.

கருவியின் மேல் தப்பு இல்லை. அதற்குள் இருந்த படம் ரோட்டைக் காட்டியது. கேட் மூடும் நேரத்தைக் காட்டவில்லை!

கருவி வேறு, படம் வேறு

கையடக்கமான ஜி.பி.எஸ். கருவியைப் பலர் இப்போது வாங்குகிறார்கள். செல்போனிலும் அதே வசதி இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது?

பூமிக்கு மேலே சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் அமெரிக்காவின் செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. குறைந்தது 4 கோள்களின் சைகை கிடைத்தால், கருவி கணக்குப் போடும். நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லும்.

எப்படிச் சொல்லும்? வெறும் எண்களாகச் சொல்லும். கோவை நகரம் என்றால், "வடக்கே 11 டிகிரி, கிழக்கே 77 டிகிரி" என்று ஏறக்குறையச் சொல்லும். அவ்வளவுதான்.

முன்னால் இருப்பது ரோடா, ஓடையா, பள்ளமா? அதைச் சொல்ல வேண்டியது படம். கருவி புதிதாக இருந்து, படம் பழையதாக இருந்தால், புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு பழைய பஞ்சாங்கம் பார்த்த கதைதான்!

வாங்கும் கருவிகள் பலவற்றில் பெயருக்குத்தான் ஒரு படம் இருக்கும். பெரிய ரோடுகள் தெரியும். ஊர்ச் சந்துகள் தெரியாது. ஆகவே, நல்ல படத்தை நாம்தான் தேடி ஏற்ற வேண்டும்.

காருக்கு எந்தப் படம்?

கார் ஓட்டுகிறவருக்கு வேண்டியது ரோட்டுப் படம். எந்தத் தெரு ஒரு வழிப் பாதை, எங்கே திரும்பலாம், எங்கே திரும்பக் கூடாது என்ற விவரம் அதில் இருக்க வேண்டும். அந்த விவரம் இருந்தால்தான், "வலது பக்கம் திரும்புங்கள்" என்று கருவி வழி சொல்ல முடியும்.

படம் புதியதா, பழையதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு.

கோவை அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கி.மீ. நீளத்துக்கு மேம்பாலம் கட்டியிருக்கிறார்கள். ஜி.டி.நாயுடு பெயரைத் தாங்கிய அந்தப் பாலம் 2025-ம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. உங்கள் படத்தில் அந்தப் பாலத்தைத் தேடுங்கள். இல்லையா? அது பழைய படம். புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. செல்போனில் வரும் படம், சிக்னல் இருக்கும் வரையில்தான் புதிது புதிதாக வரும். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் சிக்னல் போய்விட்டால் படமும் நின்றுவிடும். போகிற பகுதியின் படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

மலைக்கு எந்தப் படம்?

மலை ஏறுகிறவருக்கு ரோட்டுப் படம் உதவாது. ஏன்?

வெள்ளியங்கிரியை எடுத்துக்கொள்ளுங்கள். பூண்டி கோவிலில் இருந்து ஏழாவது மலை வரை சுமார் 6 கி.மீ. தூரம். "ஆறு கிலோமீட்டர்தானே! ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம்" என்று நினைப்போம். போனவர்களைக் கேட்டால் தெரியும். அந்த 6 கி.மீ. தூரத்துக்குள் 1,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும்! மூச்சுத் திணறி உயிர் இழந்தவர்களும் உண்டு.

தூரத்தைக் காட்டும் படம் அந்த ஏற்றத்தைக் காட்டாது. அதைக் காட்டுவது சம உயரக் கோடு. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை எல்லாம் இணைத்து வரைந்த கோடு அது. 20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால், 1,000 மீட்டர் ஏற்றத்துக்கு 50 கோடுகள் வரும். கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து. விலகி இருந்தால் சரிவு குறைவு. இதைப் படிக்கக் குழந்தைக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

இந்தப் படம் எங்கே கிடைக்கும்?

ஒன்று, இந்திய நில அளவைத் துறையின் படம். 1767-ல் தொடங்கிய துறை இது. 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே சங்கிலி பிடித்து அளவையைத் தொடங்கிய லாம்டன் துரை, பிறகு நம் கோவை வட்டாரத்திலும் சங்கிலி பிடித்தார். 250 ஆண்டு நிறைந்த 2017-ல், பொதுமக்கள் இணையத்தில் இலவசமாகப் படத்தை இறக்கிக்கொள்ள இத்துறை வழி செய்தது. இதில் 1 செ.மீ. என்பது தரையில் 500 மீட்டர். மலையும் ஓடையும் திருத்தமாக இருக்கும். ஆனால், அளந்த ஆண்டைப் பாருங்கள். பின்னால் போட்ட ரோடு அதில் இராது.

மற்றொன்று, "ஓப்பன் ஸ்டிரீட் மேப்". 2004-ல் இங்கிலாந்தில் பிறந்தது. ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல, உலகமே கூடி வரையும் படம். காசு இல்லை. செல்போனிலும் போடலாம்; கார்மின் போன்ற கருவியிலும் ஏற்றலாம். ஒற்றையடிப் பாதைகூட இருக்கும். ஆனால், யாராவது வரைந்திருந்தால்தான் இருக்கும்!

இலவசப் படங்கள் பலவற்றில் உயரக் கோடுகள், 2000-ம் ஆண்டில் அமெரிக்க விண்கலம் ஒன்று ரேடார் மூலம் அளந்த கணக்கில் இருந்து வந்தவை. ஆனைமலைபோல் அடர்ந்த காட்டில் ரேடார் தரையை விட்டு மர உச்சியை அளந்திருக்கக் கூடும். ஆகவே, உயரத்தில் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும்.

படம் அனுமதிச் சீட்டு அல்ல

படத்தில் பாதை இருக்கிறது என்பதற்காகப் போய்விடலாமா? கூடாது.

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ. மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். சென்னையில் இருந்து போனவர்களோடு, நம் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்தில் இருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள்.

அன்று எரிந்த தீ எந்தப் படத்திலும் இல்லை. இன்று யானை நிற்கும் இடமும் படத்தில் வராது. அது தெரிந்தவர்கள் வனத்துறையினரும், மலைவாசி மக்களும்தான். 2024-ம் ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப் பாதைகளில், வழிகாட்டியோடு போகும் திட்டத்தைத் தொடங்கியது. கோவை மாவட்டப் பாதைகளும் அதில் உண்டு. முறைப்படி பதிவு செய்து போவதே நல்லது.

மற்றும் ஓர் எச்சரிக்கை. வழி காட்டுவதோடு, செயற்கைக் கோள் மூலம் செய்தி அனுப்பும் கருவிகளும் உண்டு. அவற்றை அனுமதி இன்றி இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டில் இருந்து உறவினர் வாங்கி வந்தால் கவனம்!

கிளம்பும் முன்

1. போகிற இடத்தின் படத்தை வீட்டிலேயே இறக்கி, ஒரு முறை திறந்து பாருங்கள்.

2. மாற்று பேட்டரி எடுத்துக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும்.

3. நடந்து வந்த தடத்தைக் கருவி பதிவு செய்யும்படி வையுங்கள். வழி தவறினால், வந்த வழியே திரும்பலாம்.

4. காகிதப் படம் ஒன்றும், திசைகாட்டி ஒன்றும் பையில் இருக்கட்டும். காகிதத்துக்கு சார்ஜ் வேண்டாம்!

5. எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, அடிவாரத்தில் டீக்கடை இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். "ஏனுங்க, இந்த வழி போகலாமுங்களா?" என்று கேளுங்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?