ஆடிக் காற்றும் பிரீவீல் பற்களும்

சைக்கிள் வாங்கப் போகிறவர் நிறத்தைப் பார்ப்பார், விலையைக் கேட்பார், மணியை இரண்டு முறை அடித்தும் பார்ப்பார். பின்சக்கரத்துப் பிரீவீலின் பற்களை எண்ணிப் பார்ப்பவர் அரிது. கியர் இல்லாத ஒற்றை வேகச் சைக்கிளில் நம் கால்கள் படும் பாட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த எண்ணிக்கையே என்பதை நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மேல்நிலைப் பள்ளியில் அரசு தந்த விலையில்லா மிதிவண்டி நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது. 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் மற்றவர்க்கும் விரிந்த திட்டம் அது. கல்லூரியில் சேர்ந்ததும் அந்த வண்டி மாட்டுக் கொட்டகையில் சாய்ந்து விடுகிறது. பிறகு பேருந்தைத் தவறவிட்டால் முதல் பாடவேளையும் போயிற்று. காரணம் கேட்டால், "மிதிக்க முடியலப்பா" என்பார்கள். அது சோம்பல் என்று நான் கருதவில்லை.

அரியலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 75 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரம்பலூரோ சுமார் 140 மீட்டர். மேற்கு நோக்கி வருகிற என் போன்றோருக்கு மேடு கண்ணுக்குத் தெரியாது, முழங்காலுக்குத் தெரியும். ஆனி, ஆடியில் மேல்காற்றும் முகத்தில் அறையும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடும் என்பது இயற்பியல் மாணவர் அறிந்ததே. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் 20 கிலோமீட்டர் வேகக் காற்றை நேரே எதிர்த்தால், காற்றில்லாத நாளைப்போல் ஏழு மடங்கு எதிர்ப்பைச் சந்திக்கிறார்! இதில் சிமெண்டு ஆலை லாரிகள் எழுப்பும் புழுதியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இனிப் பற்களுக்கு வருவோம். என் வண்டியில் பெடலோடு சுழலும் பெரிய சக்கரத்தில் 44 பற்கள். பிரீவீலில் 18 இருந்தன. 28 அங்குலச் சக்கரம் ஒரு முறை உருண்டால் 88 அங்குலம். ஆகவே ஒரு மிதிக்கு ஏறக்குறைய 18 அடி. பிரீவீலை 22 பல்லுக்கு மாற்றினேன். ஒரு மிதிக்கு 14 அடி 8 அங்குலமாயிற்று. காலால் அழுத்த வேண்டிய விசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நட்டமும் உண்டு. நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் முன்பு மணிக்கு 20 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 16 தான் ஓடும். மாலையில் காற்று முதுகைத் தள்ளும்போது கால்கள் தையல் மிஷின் போலச் சுற்றும். எனக்கு அது சம்மதமே. முதல் பாடவேளை காலையில்தானே இருக்கிறது! கிழக்கு நோக்கிக் கல்லூரி செல்பவர் 18-ஐயே வைத்துக்கொள்ளலாம். தங்கையைப் பின்னால் ஏற்றிச் செல்பவருக்கு 20 பொருந்தும்.

கடைக்காரர் பிரீவீலைக் கழற்றி மாட்ட அதிக நேரம் ஆகாது. பல் கூடுவதால் பின்சக்கரத்தை அச்சுக் காடியில் அரை அங்குலம் முன்தள்ள வேண்டும். இடமில்லையேல் செயினில் ஓர் அங்குலம் கூட்ட வேண்டும். சக்கரம் நகர்ந்தால் பிரேக் கட்டையும் இடம் தவறும். அதையும் பார்த்துவிட வேண்டும். செயினை நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் அசைவது சரியான தளர்ச்சி.

கியர் கெட்டுப்போன பழைய வண்டியை மலிவாக வாங்கி ஒற்றை வேகமாக மாற்ற நினைப்போரும் இருக்கிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் பணம் கொடுக்குமுன் குனிந்து, பின் அச்சு உட்காரும் காடியைப் பாருங்கள். அது கிடையாகவோ சாய்வாகவோ இருந்தால் சக்கரத்தை முன்பின் நகர்த்திச் செயினை இறுக்கலாம். செங்குத்தாக இருந்தால் செயினை இழுத்துப் பிடிக்கத் தனி உருளை வேண்டும். அது இல்லாவிடில் கரிசல் சேறு அப்பிய நாளில் செயின் கழன்று, வண்டியை நாம் தள்ளிக்கொண்டு வர நேரும்.