பிளாட்டினம் பாஸ்பீன் அணைவுச் சேர்மங்கள்

பிளாட்டினம் பாஸ்பீன் அணைவுச் சேர்மங்கள் என்பன பிளாட்டினம் அணுவுடன் பாஸ்பீன் வகை ஈந்தணைவிகள் பிணைந்துள்ள சேர்மங்கள் ஆகும். பாஸ்பரஸ் அணு தனது தனித்த எலக்ட்ரான் இணையை உலோகத்துக்கு ஈந்து பிணைப்பை உண்டாக்குகிறது. இவற்றுள் நன்கு ஆராயப்பட்ட ஒன்று, இரண்டு குளோரைடுகளும் இரண்டு டிரைஎத்தில்பாஸ்பீன்களும் கொண்ட சேர்மம். இதில் பிளாட்டினத்தின் ஆக்சிஜனேற்ற நிலை +2 ஆகும்.

மாற்றியங்கள்

நான்கு ஈந்தணைவிகளும் ஒரு சதுரத்தின் மூலைகளில் அமைகின்றன. பாஸ்பீன்கள் இரண்டும் அடுத்தடுத்து இருப்பது சிஸ் மாற்றியம். எதிரெதிரே இருப்பது டிரான்ஸ் மாற்றியம். முன்னது வெண்ணிறமும் பின்னது மஞ்சள் நிறமும் உடையவை. எனினும் நிறம் இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்று காட்டுமேயன்றி, எது எந்த அமைப்புடையது என்று காட்டாது.

பிளாட்டினத்தின் அம்மோனியாச் சேர்மம் இரு வடிவங்களில் கிடைப்பதைக் கொண்டு, அதன் அமைப்பு சதுரமே என 1893-இல் ஆல்பிரட் வெர்னர் கருதினார். நான்முகி அமைப்பாயின் ஒரே வடிவம்தான் இருக்க முடியும். இதை இருமுனைத் திருப்புத்திறனை அளந்து சோதிக்கலாம். ஆனால் அம்மோனியாச் சேர்மங்கள் பென்சீனில் கரைவதில்லை. பாஸ்பீன் சேர்மங்கள் கரையும். 1936-இல் டென்மார்க்கைச் சேர்ந்த கே. ஏ. ஜென்சன் இவ்வகைச் சேர்மங்களை அளந்தார். டிரான்ஸ் மாற்றியத்தில் எதிரெதிர்ப் பிணைப்புகளின் முனைவுகள் ஒன்றையொன்று நீக்கிவிடுவதால் மதிப்பு சுழியாயிற்று; சிஸ் மாற்றியம் மிகப் பெரிய மதிப்பைக் காட்டியது.

காந்த ஒத்ததிர்வு நிறமாலை

இன்று இம்மாற்றியங்களைப் பிரித்தறிய பாஸ்பரஸ்-31 அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலை பயன்படுகிறது. இயற்கைப் பிளாட்டினத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ½ தற்சுழற்சி கொண்ட பிளாட்டினம்-195 ஆகும். எனவே நடுவில் ஓர் உயர்ந்த கோடும் இருபுறமும் இரு சிறு கோடுகளுமாக, சுமார் 1:4:1 என்ற செறிவு விகிதத்தில் நிறமாலை தோன்றும். சிறு கோடுகளுக்கு இடையேயான தொலைவே பிணைப்பு மாறிலி. மேற்கூறிய சேர்மத்தில் இது சிஸ் மாற்றியத்துக்குச் சுமார் 3500 ஹெர்ட்ஸ், டிரான்ஸ் மாற்றியத்துக்குச் சுமார் 2400 ஹெர்ட்ஸ். பாஸ்பீன் தனக்கு எதிரேயுள்ள பிணைப்பைக் குளோரைடைவிட மிகுதியாகத் தளர்த்துவதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். இது டிரான்ஸ் தாக்கம் எனப்படும்.

மாற்றியமாதல்

கரைசலில் பிணைப்பில் சேராத பாஸ்பீன் சிறிதளவு இருந்தாலே ஒரு மாற்றியம் மற்றொன்றாக மாறத் தொடங்கும். ஆகவே தூய சிஸ் மாற்றியத்தைத் தயாரித்தவர், எஞ்சிய பாஸ்பீனை நன்கு நீக்காவிடில், நிறமாலையில் இரண்டின் கலவையையே காண நேரும்.