புகைக்கும் முகவரி உண்டா?

2012-ஆம் ஆண்டில் நானும் சென்னையில் வசிக்கும் என் மைத்துனரும் ஒரே மாதத்தில், ஒரே வகை டீசல் காரை வாங்கினோம். அவர் சென்னையில் வாங்கினார். நான் சேலத்தில் வாங்கினேன். நிறத்தைத் தவிர இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்றுதான் அன்று எண்ணினோம். உண்மையில் சட்டத்தின் பார்வையில் அவை இருவேறு வண்டிகள். அவர் ஆண்டுக்கு ஒருமுறை புகைச் சான்று பெற்றால் போதும். நான் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பெற வேண்டும். அவர் வண்டியின் புகை அடர்த்தி ஹார்ட்ரிட்ஜ் அளவையில் 50-ஐத் தாண்டக் கூடாது. என் வண்டிக்கு 65 வரை அனுமதி உண்டு. அதாவது, சேலத்துக்காரனாகிய நான் கூடுதலாகப் புகை விடலாம். ஆனால், அதை அடிக்கடி காட்டிச் சான்று வாங்க வேண்டும்.

இந்த விந்தைக்குக் காரணம் எரிபொருள். மாஷேல்கர் குழுவின் பரிந்துரையை ஒட்டி 2003-இல் மத்திய அரசு வகுத்த வாகன எரிபொருள் கொள்கை, பெருநகரங்களில் முதலில் கடுமையான தர விதி, பிற இடங்களில் சில ஆண்டுகள் கழித்து அதே விதி என்ற வழியைத் தேர்ந்தெடுத்தது. நாடு முழுவதற்கும் கந்தகம் குறைந்த டீசலை ஒரே நாளில் வழங்கும் ஆற்றல் அன்றைய சுத்திகரிப்பு ஆலைகளுக்கு இல்லை. எனவே, 2010 ஏப்ரலில் தேசியத் தலைநகர்ப் பகுதி, மும்பை, கொல்கத்தா, சென்னை உள்ளிட்ட 13 இடங்களில் 'பாரத் ஸ்டேஜ் 4' விதி நடைமுறைக்கு வந்தபோது, நாட்டின் ஏனைய பகுதிகளுக்கு 'பாரத் ஸ்டேஜ் 3' வாய்த்தது. தமிழ்நாட்டில் அந்த 13-இல் இடம்பெற்ற ஒரே நகரம் சென்னை. சென்னை பெட்ரோல் நிலையங்களில் கிடைத்த டீசலில் பத்து லட்சத்தில் 50 பங்கு கந்தகம் இருக்கலாம். சேலத்திலும் நாமக்கல்லிலும் 350 பங்கு வரை இருக்கலாம். கந்தகம் மிகுந்த டீசல் நவீனப் புகை வடிகட்டும் கருவிகளைக் கெடுத்துவிடும் என்பதால், வண்டியின் தரமும் எரிபொருளின் தரத்தோடு கட்டப்பட்டது.

இதில் லாரிகளுக்குத் தனி விலக்கு ஒன்றும் இருந்தது. தேசிய பெர்மிட் பெற்று மாநிலங்களுக்கு இடையே ஓடும் சரக்கு வாகனங்களை அந்த 13 நகரங்களின் விதி கட்டுப்படுத்தவில்லை. வழிநெடுக எங்கெங்கோ டீசல் நிரப்பும் வண்டிக்கு நகரத்து விதியைப் பொருத்த முடியாது என்பது இதன் தர்க்கம். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கும், எரிவாயு டேங்கர்களுக்கும், முட்டை வண்டிகளுக்கும் பெயர்பெற்ற நாமக்கல் இந்த விலக்கின் நிழலில்தான் வளர்ந்தது. சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் இதே நிலைதான். அரசு அனுமதித்த வண்டியை, அரசு விற்ற டீசலை நிரப்பி, அரசு வழங்கிய பெர்மிட்டில் ஓட்டினார்கள். அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை.

பின்னர் காலம் வேகமெடுத்தது. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 4, அந்நாளுக்குப் பிறகு பி.எஸ். 3 வண்டிகளை விற்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் அதற்கு மூன்று நாள் முன்பு ஆணையிட்டது. பி.எஸ். 5 என்ற படியையே தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 வந்தது. கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைந்தது. இன்று வாங்கும் புதிய வண்டிக்கும், நிரப்பும் டீசலுக்கும் சென்னை, சேலம் என்ற வேறுபாடு இல்லை. வேறுபாடு எஞ்சியிருப்பது பழைய வண்டிகளில்தான். அந்தப் பழைய வேறுபாட்டுக்குத்தான் இப்போது புதிய விலை கேட்கப்படுகிறது.

தில்லியைப் பாருங்கள். பத்து ஆண்டைக் கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்து ஆண்டைக் கடந்த பெட்ரோல் வண்டிகளும் அங்கு ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூறியதை 2018-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. 2025 டிசம்பரில் இது தளர்த்தப்பட்டு, வயதை மட்டும் காரணமாக்கி பி.எஸ். 4-க்கும் அதற்கு மேற்பட்ட தரத்துக்கும் உரிய வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றாயிற்று. என் மைத்துனரின் காரும் என் காரும் தில்லியில் இருந்திருந்தால், அவருடையது தப்பியிருக்கும், என்னுடையது தப்பியிராது. இரண்டுக்கும் ஒரே வயது; வாங்கிய ஊர் மட்டுமே வேறு.

காரைப் பொறுத்தவரை இது வெறும் வேடிக்கை. லாரியைப் பொறுத்தவரை வயிற்றுப்பாடு. தலைநகர்ப் பகுதிக்கான காற்றுத் தர மேலாண்மை ஆணையம், தில்லியில் பதிவாகாத பி.எஸ். 3-உம் அதற்குக் கீழ்ப்பட்டதுமான சரக்கு வாகனங்கள் 2025 நவம்பர் 1 முதல் தில்லிக்குள் நுழையத் தடை விதித்துள்ளது. பி.எஸ். 4 வண்டிகளுக்கு 2026 அக்டோபர் 31 வரை மட்டுமே அவகாசம். ஸ்ரீநகரில் தொடங்கி, தில்லி வழியாக, தொப்பூர் கணவாய் இறங்கி, சேலத்தையும் நாமக்கல்லையும் தொட்டுக் கன்னியாகுமரி வரை செல்வது ஒரே சாலை. தேசிய நெடுஞ்சாலை 44. அந்த ஒரே சாலையில் ஓடும் ஒரே லாரி, ஒரு முனையில் சட்டப்படியான வாகனம். மறுமுனையில் நுழையக் கூடாத வாகனம்.

நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு லாரிகள் வைத்திருக்கிறார். ஒன்று 2016-இல் வாங்கியது; மற்றொன்று 2018-இல் கடனில் வாங்கியது. "லோடு இருக்குதுங்க சார், உள்ள விடறதுக்குத்தான் ஆளில்லைங்க" என்றார். தில்லி மக்கள் நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்பதில் அவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பத்தாண்டுகளுக்கு முன்பு தன்னை விலக்கி வைத்த அதே சட்டம், இன்று அந்த விலக்கையே குற்றமாக்குவதுதான் அவருக்குப் புரியவில்லை.

இங்கே வாசகர் ஒரு கேள்வி எழுப்பலாம்: இடத்துக்கு ஏற்ப விதி மாறுவது உலக வழக்கம்தானே? உண்மைதான். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 254 மாவட்டங்கள் இருந்தும், புகைச் சோதனை பல்லாண்டுகளாகப் பதினேழில் மட்டுமே கட்டாயம். லண்டன் மாநகரம் 2023 ஆகஸ்டிலிருந்து, தரம் குறைந்த வண்டிகளிடம் நாள்தோறும் கட்டணம் பெறுகிறது. காற்று அதிகம் கெட்ட இடத்தில் கட்டுப்பாடும் அதிகம் இருப்பது நியாயமே. தில்லியிலேயே பி.எஸ். 4-க்கு முந்தைய வண்டிகளுக்குப் புகைச் சான்று மூன்று மாதங்களுக்குத்தான் செல்லும்.

ஆனால், கடுமையான விதி ஓர் இடத்திலிருந்து விரட்டும் புகை, மறைந்து போவதில்லை; இடம் மாறுகிறது. தில்லியில் ஓட முடியாத வண்டியைத் தடையின்மைச் சான்று பெற்று வேறு மாநிலத்தில் பதிவு செய்துகொள்ள வழி உண்டு. நீண்டதூர ஓட்டத்திலிருந்து விலக்கப்படும் நம் ஊர் லாரியும் காயலான் கடைக்கு உடனே போகப் போவதில்லை. ஜல்லிக்கும், செங்கலுக்கும், மரவள்ளிக் கிழங்குக்கும் என்று உள்ளூர் ஓட்டத்துக்கு வரும். சேலம் புறவழிச்சாலையை ஒட்டிய பள்ளிகளும் வீடுகளும் அந்தப் புகையைப் பெறும். தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகியவை உண்டு. சேலமும் நாமக்கல்லும் இல்லை. தலைநகரின் தூய காற்றுக்கு நாமக்கல் குழந்தையின் நுரையீரல் விலையாகக் கூடாது.

அப்படியானால் நம் ஊரில் சோதனை ஒழுங்காக நடக்கிறதா? ஒருமுறை நான் சான்று பெறச் சென்ற இடத்தில், குழாயைச் சொருகாமலேயே வண்டி எண்ணைப் படம் பிடித்து, தாளை அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள். அன்று நேரம் மிச்சம் என்று மகிழ்ந்தவன்தான் நானும். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. முறையாகச் செய்தாலும் அச்சோதனைக்கு எல்லை உண்டு. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து, வெளிவரும் புகையின் கருமையை மட்டுமே அளக்கிறார்கள். பாரம் ஏற்றிக்கொண்டு தொப்பூர் மேட்டில் முக்கி ஏறும்போது அதே லாரி விடும் புகையை அது அறியாது. கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடுகளை அது அளப்பதே இல்லை.

சட்டத்தில் தண்டனைக்குக் குறைவில்லை. 2019 திருத்தத்துக்குப் பின், மாசு விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. சான்று இல்லாவிட்டால் காப்பீட்டைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2017-இல் விதித்த நிபந்தனையை, காப்பீடே இல்லாத வண்டிகள் பெருகுவதைக் கருதி 2024-இல் உச்சநீதிமன்றமே விலக்கிக்கொண்டது. இலங்கையில் புகைச் சான்று இல்லாமல் ஆண்டு வருவாய் உரிமம் பெற முடியாது. அங்கு சோதனை, ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வந்தே தீரும் ஒரு கதவில் கட்டப்பட்டுள்ளது. இங்கும் அப்படியொரு கதவு உண்டு: எட்டு ஆண்டைக் கடந்த லாரிகள் ஆண்டுதோறும் பெற வேண்டிய தகுதிச் சான்று. இயந்திரங்களே சோதிக்கும் தானியங்கி நிலையங்களில், உருளைகள் மீது வண்டியை ஓட்டி, பாரத்துடன் புகையை அளக்கும் முறையை அந்தத் தகுதிச் சான்றோடு இணைக்கலாம்.

வண்டி எந்த ஊரில், எந்த ஆண்டில் வாங்கப்பட்டது என்பதைவிட, இன்று அது உண்மையில் எவ்வளவு புகை விடுகிறது என்பதே அளவுகோலாக வேண்டும். நன்கு பராமரிக்கப்பட்ட பழைய லாரியும், கருவிகள் பழுதான புதிய லாரியும் அப்போது தம் நிறத்தைத் தாமே காட்டிவிடும். தேறாத வண்டியைக் கழிக்கும் உரிமையாளருக்கு, 2021-இல் வந்த வாகனக் கழிப்புக் கொள்கை புதிய வண்டியின் வரியில் 15 சதவீதம் வரை சலுகை தர இடமளிக்கிறது. ஆனால், பழைய கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கும் ஒற்றை லாரி உரிமையாளருக்கு வரிச்சலுகை மட்டும் போதாது. குறைந்த வட்டியில் கடனும், விதி மாறும் நாளுக்குச் சில ஆண்டுகள் முன்பே அறிவிப்பும் வேண்டும்.

என் காரின் சான்று அடுத்த மாதம் காலாவதியாகிறது. இம்முறை குழாயைச் சொருகச் சொல்லிக் கேட்டு வாங்குவதாக இருக்கிறேன். எண் 65-க்குள் இருந்தால் சட்டம் நிறைவடையும். அது 50-க்குள் இருக்கிறதா என்று பார்க்கவே எனக்கு விருப்பம்; சென்னைக்காரரின் மூச்சுக்கும் சேலத்துக்காரரின் மூச்சுக்கும் அளவு வேறு என்பதை நான் ஏற்கவில்லை.