இணையத் தேடலில் நிலைத்த இடம்

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பல, தங்கள் விளைபொருளை விற்பதற்கென இணையதளம் அமைத்து வருகின்றன. தளம் அமைந்தவுடன், "சொற்பத் தொகைக்கு ஆயிரம் இணைப்புகள் தருகிறோம், கூகுளில் முதலிடம் நிச்சயம்" என்று கூறிச் சிலர் அணுகுகின்றனர். பங்குதாரர்களாகிய விவசாயிகளின் பணத்தை இதில் செலவிடுமுன், விஷயத்தை அறிந்துகொள்ளுதல் நலம்.

ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்திற்கு வழிகாட்டும் சுட்டியே இணைப்பு எனப்படும். 1998-ஆம் ஆண்டில் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் இவ்விணைப்புகளை முக்கிய அளவுகோலாகக் கொண்டனர். ஒரு பக்கத்தை எத்தனை பேர் சுட்டுகின்றனர் என்பதோடு, சுட்டுவோர் எத்தகையோர் என்பதும் கணக்கிடப்பட்டது. விதை வாங்குகையில் வழிப்போக்கர் பத்துப் பேர் சொல்வதைவிட, அதை விதைத்து அறுத்த ஒருவர் சொல்வதையே நாம் நம்புகிறோம் அல்லவா? இன்று கூகுள் வேறு பல அம்சங்களையும் பார்க்கிறது. ஆயினும் இணைப்புகளைக் கைவிடவில்லை.

விலைக்கு வாங்கிய இணைப்பின் கதிக்கு, ஜே. சி. பென்னி என்னும் பெரிய அமெரிக்க வணிக நிறுவனமே சான்று. ஆடை, படுக்கை விரிப்பு முதலிய பல தேடல்களில் அது மாதக்கணக்கில் முன்னின்றது. அதன் வியாபாரத்துடன் சம்பந்தமே இல்லாத எண்ணற்ற பக்கங்களில் அதற்கு இணைப்புகள் இருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. கூகுள் நடவடிக்கை எடுத்ததும், சில தேடல்களில் முதலிடத்திலிருந்து 70-ஆம் இடத்தருகே அந்நிறுவனம் வீழ்ந்தது. 2012 ஏப்ரலில் இத்தகைய இணைப்புகளைத் தானாகவே கண்டறியும் ஏற்பாட்டையும் கூகுள் செய்தது. பணம் கொடுத்து விளம்பரம் செய்வது தவறன்று. அவ்விணைப்பு விளம்பரமென்று குறிக்கப்பட வேண்டும் என்பதே விதி.

"தரமான மஞ்சள் கிடைக்கும்" என்று மட்டும் எழுதிய பக்கத்தை எவரும் பிறருக்குக் காட்டமாட்டார். எந்த ரகத்தை எப்போது நட்டீர்கள், கிழங்கை எவ்வளவு நேரம் வேகவைத்தீர்கள், உலர எத்தனை நாள் ஆயிற்று, குவிண்டாலுக்கு என்ன செலவு என்று படங்களுடன் எழுதுங்கள். வேறெங்கும் கிடைக்காத இக்கணக்கே பிறரைச் சுட்டத் தூண்டும். பயிற்சியளித்த வேளாண் அறிவியல் நிலையத்திற்கும், உங்களைப் பற்றி எழுதிய பத்திரிகைக்கும், வாங்கும் வியாபாரிக்கும் அப்பக்கத்தின் முகவரியை அனுப்புங்கள். பெயரை வெளியிட்டு இணைப்புத் தர மறந்தவர்களும் உண்டு. ஒரு கடிதமே போதும். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகலாம்.

உங்களை எவரெவர் சுட்டுகின்றனர் என்பதைக் கூகுளின் சர்ச் கன்சோல் கட்டணமின்றிக் காட்டும். அக்கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். தளம் அமைத்துக் கொடுத்தவர் பெயரில் வேண்டாம்.