பாசி சொல்லும் செய்தி



கண்ணாடித் தொட்டியிலே கடல்நீரை நிரப்பி, அதில் முருகைகளையும் சிறு மீன்களையும் வளர்ப்போர் இன்று பல நாடுகளிலும் உளர். சில மாதங்கள் சென்றதும் அத்தொட்டியின் கற்கள்மேல் பச்சைப் பாசி மயிர்போலப் படர்கிறது. உடையவர் நீரைச் சோதித்துப் பார்க்கிறார். நைத்திரேற்றும் இல்லை, பொசுபேற்றும் இல்லை என்று சோதனை காட்டுகிறது. அப்படியாயின் பாசி எதை உண்டு வளர்கிறது?

சோதனை பொய் சொல்லவில்லை. ஆனால், அது நீரில் எஞ்சி நிற்கும் உணவை மாத்திரமே அளக்கிறது. மீனின் கழிவிலிருந்தும், உண்ணாது விட்ட இரையிலிருந்தும், பொசுபேற்றைப் பற்றிவைத்திருந்த சுண்ணக் கற்களிலிருந்தும் ஊறிவரும் சத்தைப் பாசி உடனுக்குடன் உறிஞ்சிவிடுகிறது. களஞ்சியம் வெறுமையாய் இருப்பதைக் கண்டு, வயல் விளையவில்லை என்று சொல்லலாமா? வந்த நெல்லை வீட்டார் உண்டிருக்கலாம் அல்லவா?

பாசியின் வகையும் நமக்குச் செய்தி சொல்லும். புதிய தொட்டியிலே தூள்போலப் படியும் கபில நிறப் படிவு பெரும்பாலும் தயற்றம் என்னும் நுண்ணுயிராகும். அது தன் ஓட்டைச் சிலிக்கேற்றினால் அமைப்பது. சிலிக்கேற்றுக் குறைய அதுவும் குறையும். செந்நிறமான வழுவழுப்புப் போர்வையோ நீலப்பச்சைப் பாசி இனத்தைச் சேர்ந்தது. இவ்வினத்திற் சில, நீரிற் கரைந்துள்ள நைதரசன் வாயுவையே உணவாக மாற்ற வல்லவை. ஆதலால் நைத்திரேற்றை மட்டும் குறைத்து இவற்றை அடக்கிவிட முடியாது.

இனி, சத்து முழுவதையும் அகற்றிவிடுவோம் என்று எண்ணுதலும் தவறு. முருகையின் உடலுக்குள்ளேயே நுண்ணிய பாசிகள் வாழ்ந்து அதற்கு உணவூட்டுகின்றன. அவற்றுக்கும் சிறிது நைதரசனும் பொசுபரசும் வேண்டும். அடியோடு பட்டினி போட்டால் முருகையும் வெளிறி நலியும்.

தொட்டியிற் காணும் இவ்வுண்மையைக் கடலிலும் கண்டார்கள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாகுவிலே கனயோஹே என்றொரு குடா உண்டு. பல்லாண்டுகளாக அதனுள் நகரக் கழிவுநீர் விடப்பட்டது. குமிழ்போன்ற பச்சைப் பாசி பெருகி முருகைகளை மூடிற்று. 1977, 1978ஆம் ஆண்டுகளிலே கழிவுநீர் வெளிக்கடலின் ஆழத்துக்குத் திருப்பப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் பாசி பெரிதும் குறைய, முருகைகள் மீண்டும் தழைக்கத் தொடங்கின.

பாசி மிகுதற்கு உணவு ஒன்றே காரணமன்று. அதை மேயும் நத்தைகளும் மீன்களும் குறைந்தாலும் அது மிகும். எனினும், உணவின்றிப் பாசி இல்லை. ஆகவே, பாசியைக் கண்டவுடன் மருந்தைத் தேடி ஓடாதீர்கள். மருந்தால் மடிந்த பாசி அழுகித் தான் உண்ட சத்தை நீருக்கே திருப்பிக் கொடுக்கும். கையாற் பிடுங்கி வெளியே எறிந்தால், சத்தும் அதனோடு வெளியேறும். பின்னர், இடும் இரையைக் குறைத்து, மேயும் உயிர்களைப் பேணுங்கள். சோதனைக் குழாய் மறைத்ததைப் பாசி காட்டிவிட்டது. அதனை நம்பி நடப்பதே முருகையைக் காக்கும் வழி.