சர்க்கரைக்கு ஒரு சொட்டு... பாலுக்கு?

எதிர்வீட்டு மாமா தினமும் காபிக்கு முன்னால் விரலில் ஊசி குத்தி, மெஷினில் ஸ்ட்ரிப்பைச் செருகி, ஐந்தே செகண்டில் "நூத்தி நாப்பத்திரெண்டு!" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அறிவிப்பார். ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, ரத்தத்துக்கு மெஷின் இருக்கு. பாலுக்கு ஏன் இல்லே? என்னத்தைக் கலந்து குடுக்கறான்னே தெரியலியே!"

நான் பி.காம். ஆசாமி. கெமிஸ்ட்ரி என்றால் காத தூரம் ஓடுகிறவன். ஆனாலும் கேள்வி விடவில்லை!

மாமாவின் மெஷினுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர். 1962-ல் ஒரு மின்முனையின் மேல் குளுக்கோஸை மட்டுமே சீண்டும் ஒரு என்ஸைமை உட்கார வைத்தார். இன்றைய ஸ்ட்ரிப்பிலும் அதே யுக்திதான். என்ஸைம், குளுக்கோஸிடமிருந்து எலெக்ட்ரான்களைப் பிடுங்கும். அவை மின்முனைக்குப் போய்ச் சேரும். சர்க்கரை கூடினால் கரண்ட் கூடும். அவ்வளவுதான். 1987-ல் பேனா சைஸில் வீட்டுக்கே வந்துவிட்டது.

சரி, பாலுக்கு வருவோம். தண்ணீர் கலந்தால் லாக்டோமீட்டர் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் யாருமே கலக்காமல் வருகிற விஷம் ஒன்று இருக்கிறது... அஃப்ளடாக்ஸின்! ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வளர்கிற பூஞ்சையின் கைங்கரியம். மாடு தின்றால் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. நாள்பட்டால் ஈரலில் புற்றுநோய் வரை இழுத்துவிடும்.

2018-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் சாம்பிள்களைச் சோதித்தது. 368-ல் இந்த விஷம் வரம்பைத் தாண்டியிருந்தது. அதில் 88 நம் தமிழ்நாட்டு சாம்பிள்கள். நாட்டிலேயே நாம்தான் முதலிடம்! மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாடிக் மிச்சம் அளவுக்கு மேல் இருந்தவை 77.

இதில் வேடிக்கை, ஸ்ட்ரிப்புக்கான என்ஸைமை வழக்கமாக எடுப்பதும் ஒரு பூஞ்சையிலிருந்துதான். அஃப்ளடாக்ஸின் பூஞ்சைக்கு அது பங்காளி முறை!

அப்படியானால் பாலுக்கும் ஸ்ட்ரிப் செய்ய வேண்டியதுதானே? இங்கேதான் கணக்கு உதைக்கிறது. ஒரு லிட்டர் ரத்தத்தில் குளுக்கோஸ் சுமார் 1 கிராம். ஒரு கிலோ பாலில் அஃப்ளடாக்ஸினுக்கு அனுமதித்த அளவு 0.5 மைக்ரோகிராம். இருபது லட்சத்தில் ஒரு பங்கு! இருபது லட்ச ரூபாய் பாலன்ஸ் ஷீட்டில் ஒரு ரூபாய் இடிப்பதைத் தேடுகிற கதை. இதைப் பிடிக்க ஆன்டிபாடியை மின்முனையில் ஒட்ட வேண்டும். போதாக்குறைக்குப் பாலின் கொழுப்பும் புரதமும் மின்முனை மேல் அப்பிக்கொண்டு அழும்பு பண்ணும். ஆய்வுக்கூடங்களில் இதற்கான சென்ஸார்களைச் செய்து காட்டிவிட்டார்கள். மாமாவின் மெஷின் மாதிரி வீடு வீடாகத்தான் வந்து சேரவில்லை. பால் பண்ணைகளில் இன்றும் பெரிய லேப் மெஷின்களும், கோடு விழுகிற கலர் ஸ்ட்ரிப்களும்தான்.

என்னைக் கேட்டால், அது வரவேண்டிய இடம் மாமா வீட்டு அடுப்படியே இல்லை. அங்கே தெரிந்து என்ன பிரயோஜனம்? பாலைக் கொட்டலாம், காசு போகும். கிராமத்துச் சொஸைட்டியில், கேன்கள் டாங்கரில் ஒன்றாகக் கலப்பதற்கு முன்பே தெரிந்தால்... எந்தத் தொழுவம், எந்தப் புண்ணாக்கு மூட்டை என்று பிடித்துவிடலாம். தீவனத்தை மாற்றினால் சில நாட்களிலேயே பாலில் விஷம் இறங்கிவிடுகிறது. மாட்டை விற்க வேண்டியதில்லை, மூட்டையைத் தூக்கிப் போட்டால் போதும்!